உப்புக் காற்றில் பழத்தோட்டம்: தரையா, டிரம்மா, ஒட்டுமரமா?

ராமநாதபுரம் டவுனிலோ கீழக்கரையிலோ மண்டபத்திலோ வீடு கட்டியவர்களுக்குப் பின்பக்கம் மிஞ்சுவது ஒரு சென்ட், மிஞ்சிப்போனால் ஒன்றரை சென்ட். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. செப்டிக் டேங்க், துணி காயப்போடும் கொடி, மோட்டார் மேடை எல்லாம் போக மரத்துக்கென்று 400 சதுர அடி கிடைத்தால் பெரிது. ஒரு மாமரத்தை அதன் போக்கில் வளரவிட்டால் இடம் அதோடு சரி. ஆசை அப்படி நிற்பதில்லையே. கொய்யா வேண்டும், சப்போட்டா வேண்டும், பிள்ளைகளுக்கு மாதுளை வேண்டும், யூடியூபில் பார்த்த டிராகன் பழமும் வேண்டும்.

இதற்கு இப்போது நான்கு வழி சொல்கிறார்கள். தரையிலேயே நெருக்கமாக நட்டு, வெட்டி வெட்டிக் குட்டையாக வைப்பது ஒன்று. ஒரே மரத்தில் பல ரகத்தை ஒட்டுவது இரண்டாவது. மாடியில் டிரம் வைப்பது மூன்றாவது. சுவரிலும் வேலியிலும் படரவிடுவது நான்காவது. நான்கிலும் நல்லது உண்டு. ஆனால் இவற்றை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இடத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள்: எத்தனை அடிக்கு ஒரு செடி, எத்தனை மணி நேரம் வெயில். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. இடத்தைக்கூட எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். நம் கரையில் எத்தனை வகைப் பழம் வளர்க்க முடியும் என்பதை முடிவு செய்வது, சித்திரையிலிருந்து ஆடி முடிய உங்கள் வீட்டில் எத்தனை குடம் நல்ல தண்ணீர் மிஞ்சும் என்பதுதான். அதனால் தண்ணீரில் இருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தண்ணீர்

மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 800 மி.மீ. சொச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவம் நமக்கு மழையைவிடக் காற்றைத்தான் அதிகம் கொண்டுவரும். தை பிறந்தால் அடுத்த பெருமழைக்கு எட்டு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். நடுவில் கோடை மழை ஒன்றிரண்டு வந்தால் அதிர்ஷ்டம்.

நிலத்தடி நீர் ஊருக்கு ஊர் வேறு. உச்சிப்புளி, தங்கச்சிமடம் போன்ற மணற்பாங்கான இடங்களில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் நிற்கும். நன்னீர் எடை குறைவு, உப்புநீர் எடை அதிகம். ஆழம் குறைந்த கிணற்றிலோ ஊற்றிலோ அளவாக இறைக்கும்வரை நல்ல தண்ணீர் கிடைக்கும். தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகை நாற்று வெளியூர்களுக்கெல்லாம் போவது இந்தத் தண்ணீரை நம்பித்தான். அதே இடத்தில் ஆழமாக போர் போட்டு மோட்டாரால் உறிஞ்சினால், கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். பிறகு அந்தப் போரை விட்டுவிட்டு வேறு போர் போட்டாலும் பலன் இருக்காது.

கரிக்கிறதா இல்லையா என்று நாக்கால் சொல்லிவிடலாம் என்பார்கள். நாக்கு பழகிப்போன ஊர் இது, அதை நம்ப முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன அளவுப்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். 450 முதல் 2,000 வரை உப்பைத் தாங்கும் செடிகளுக்கு மட்டும், பார்த்துப் பார்த்து ஊற்றலாம். 2,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பழமரங்களை மறந்துவிடலாம். தை மாதம் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை அளந்து பாருங்கள். ஒரே கிணறுதான், இரண்டு எண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரியும். முடிவெடுக்க வேண்டியது வைகாசி எண்ணை வைத்து.

இரண்டு தண்ணீரைச் செடிப்பக்கம் விடவே கூடாது. ஒன்று, ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுநீர். 'வீணாய்ப் போகுதே' என்று செடிக்குத் திருப்பிவிடுகிற வீடுகள் நிறைய. நீங்கள் குடிக்காமல் தப்பித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, கல் உப்புப் போட்டு மீன் அலசிய தண்ணீர். மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது என்ற பேச்சை நம்பி, உப்புத் தண்ணீரையே எலுமிச்சைக்கு ஊற்றிவிட்டு, இலை நுனி ஏன் கருகுகிறது என்று உரக்கடையில் மருந்து கேட்பார்கள். உப்புப் போடாமல் அலசிய முதல் தண்ணீரும், அரிசி களைந்த கழுநீரும் நன்றாகவே உதவும்.

சரி, மழைநீரைப் பிடித்து வைத்தால்? தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, கீழே தொட்டி இல்லை. 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். தெறித்தது, ஆவியானது போக 750 லிட்டர் கைக்கு வரும். ஐப்பசியில் 50 மி.மீ. மழை நாள் இரண்டு கிடைத்தால் 6,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். ஒன்பது மாத உப்புத்தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் கரைந்து வரும்.

இப்போது செலவைப் பாருங்கள். சித்திரை வெயிலில் காய்க்கும் வயதுள்ள ஒரு டிரம் செடி நாளுக்கு 8 முதல் 10 லிட்டர் குடிக்கும். ஐந்து டிரம்முக்கு 50 லிட்டர், அதாவது மூன்று குடத்துக்குச் சற்று அதிகம். சித்திரை முதல் ஆடி முடிய 120 நாளுக்கு 6,000 லிட்டர். ஆக, ஒரு முழுத் தொட்டி மழைநீர் சரியாக ஐந்து டிரம் செடியைக் கோடை கடத்தும். அதுவும் தை, மாசி, பங்குனியில் அந்தத் தொட்டியில் கை வைக்காமல் இருந்தால்தான். பத்து டிரம் வாங்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மீதிக்குக் காவிரிக் குழாய்த் தண்ணீர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது குடிப்பதற்கே முறை வைத்து வருகிறது.

மாடி டிரம்

இதுதான் இப்போது எல்லோருக்கும் பிடித்த வழி. காரணமும் இருக்கிறது. தரை மண் உவராக இருந்தாலும் டிரம்முக்குள் நாம் போடுகிற மண்தான். கார்த்திகையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும் பயம் இல்லை. தெரு வெள்ளாடு ஏறி வராது. எலுமிச்சை, சாத்துக்குடி போல உப்பை அறவே தாங்காத செடிகளுக்கு உவர்த் தரை உள்ள வீட்டில் டிரம்மை விட்டால் வேறு வழியே கிடையாது.

ஆனால் கோவை மாடியும் கீழக்கரை மாடியும் ஒன்றல்ல. 200 லிட்டர் பீப்பாயைப் பாதியாக அறுத்து மண் நிரப்பி நனைத்தால் 120 கிலோவைத் தாண்டும். அது நிற்கிற பரப்போ கால் சதுர மீட்டர்தான். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக்குறியீடு வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. அதனால் டிரம்களைச் சுவருக்கு மேலேயும் பீமுக்கு மேலேயும், ஒன்றுக்கொன்று தள்ளித்தான் வைக்க வேண்டும். நடு மாடியில் வரிசையாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் டிரம் பேச்சே வேண்டாம்.

சுமையைவிட எனக்குப் பெரிய கவலை கம்பி. கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்துச் சீலிங் பூச்சு பெயர்ந்து விழுவதை நம் ஊரில் எத்தனையோ வீட்டில் பார்க்கலாம். அதற்கு மேல் தினமும் டிரம்மில் இருந்து வழியும் தண்ணீர் மாடியில் தேங்கினால் துருவை நாமே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம் என்று அர்த்தம். டிரம்மை இரும்பு ஸ்டாண்டிலோ செங்கல்லிலோ அரை அடி உயர்த்தி, கீழே தட்டு வைத்து, வடிகிற தண்ணீரைக் குழாய் வழியாக வெளியே எடுக்க வேண்டும். வாட்டர் புரூஃபிங் செலவு முதலில், செடிச் செலவு அப்புறம்.

வடிகிற தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காகக் குறைவாக ஊற்றலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. டிரம்மில் உப்பு வெளியேற ஒரே வழி அடியில் இருக்கும் துளைதான். நல்ல தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். மாதம் ஒரு தடவையாவது ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு கீழே வழிந்து ஓடும் அளவுக்கு ஊற்றி அலசிவிட வேண்டும். மண் கலவையில் சேர்க்கும் தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். வாங்கியதை அப்படியே போடாமல் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் இலையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். மாடியில் அதன் வேகம் தரையைவிட அதிகம். ஆறடிச் செடி டிரம்மோடு சாய்ந்துவிடும். கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை நீட்டாத உயரத்தில் செடியை வெட்டி வைப்பதுதான் பாதுகாப்பு. அதனால் மாடிக்குச் சரிப்படுவது எலுமிச்சை, மாதுளை, அரைநெல்லி, மேற்கிந்தியச் செர்ரி, மல்பெரி போன்ற குட்டைச் செடிகள். ஒரு வாரம் சேர்ந்தாற்போல ஊருக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க நம்பிக்கையான ஆள் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரம் செடி சித்திரையில் இரண்டு நாள் தாங்காது.

தரையில் நெருக்க நடவு

என் ஓட்டு இதற்குத்தான். மரத்துக்கு மரம் 15, 20 அடி என்று விட்டது பெரிய தோப்புக் கணக்கு. கொய்யாவில் 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில்கூட நட்டு, வருடா வருடம் வெட்டிக் காய்க்கவைக்கும் முறை இந்தியாவில் ஆராய்ச்சி நிலையங்களிலேயே நிலைபெற்றுவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் ஏழடிக்கு ஒரு செடி வைக்கலாம். 400 சதுர அடியில் எட்டு மரம் வசதியாக நிற்கும்.

ரகசியம் வெட்டில் இருக்கிறது. நட்ட முதல் வருடமே முழங்கால் உயரத்தில் தலையைக் கிள்ளிவிட வேண்டும். இரண்டு மூன்று கிளை பிரியும். அவற்றை மறுபடி பாதியில் வெட்ட வேண்டும். கை எட்டும் உயரத்துக்கு மேல் எது போனாலும் அறுவடை முடிந்த கையோடு வெட்டு. பூக்கிற மரத்தை வெட்டுவதா என்று வீட்டுப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். கொய்யாவும் சீத்தாவும் இலந்தையும் புதுத் தளிரில்தான் காய்க்கின்றன என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதுதான். குட்டை மரத்தில் காற்றின் பிடியும் குறைவு, குடிக்கும் தண்ணீரும் குறைவு. வௌவாலுக்கும் கிளிக்கும் வலை போடுவதும் எளிது.

இன்னொரு யோசனையும் உலவுகிறது: ஒரே குழியில் மூன்று நான்கு வகை மரக்கன்றை நெருக்கி வைப்பது. வெளிநாட்டுத் தோட்டங்களில் இருந்து வந்த முறை. நம் மண்ணுக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு குழிக்கு ஒரே தண்ணீர்தான் ஊற்ற முடியும். உப்பைத் தாங்கும் சப்போட்டாவையும் தாங்காத எலுமிச்சையையும் ஒரே குழியில் வைத்தால் யாருக்கு ஏற்றபடி ஊற்றுவது? ஒரே இனத்தில் இரண்டு ரகம் என்றால் மட்டும் ஒரு குழி சரி. பெருநெல்லிக்கு அது நல்லதும்கூட. தனி மரமாக இருந்தால் சரியாகக் காய் பிடிக்காது, இரண்டு ரகம் அருகருகே இருக்க வேண்டும். பி.எஸ்.ஆர். 1 ஒன்று, என்.ஏ. 7 ஒன்று என்று ஒரே குழியில் வைத்துவிடலாம்.

குழி எடுப்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. மணல் என்றால் அடியில் தேங்காய் மட்டையை அடுக்கி, மேலே செம்மண்ணும் தொழுவுரமும் போட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் நிற்காது. ராமநாதபுரம் டவுன் பக்கம் களிமண் என்றால் நேர்மாறு: ஒன்றரை அடிக்கு மேடு கட்டி அதன் மேல் நட வேண்டும், கார்த்திகைத் தண்ணீரில் வேர் மூழ்கக்கூடாது. இரண்டுக்கும் பொதுவானது மூடாக்கு. வெறும் மண் வெயிலில் காயும்போது அடியில் உள்ள உப்பு ஈரத்தோடு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும். பனை ஓலையையோ தென்னை மட்டையையோ அரை அடிக்குப் பரப்பிவிட்டால் அந்த ஏற்றம் பெரும்பாலும் நின்றுவிடும். ஓலைக்கு நம் ஊரில் காசு கொடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஜிப்சம் போடச் சொல்வார்கள். அது களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணுக்கு மருந்து. வெறும் உவர் மண்ணில் ஜிப்சம் மேலும் ஒரு உப்புதான். மண்ணைப் பரிசோதிக்காமல் போட வேண்டாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

என்ன மரம் என்பதில் நான் பார்க்கும் முதல் தகுதி இனிப்போ விளைச்சலோ இல்லை. நம் வறட்சி மாதத்தில் அந்த மரம் தூங்குமா என்பதுதான். இலந்தை கடுங்கோடையில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், மழையோடு துளிர்த்து மார்கழி, தையில் பழம் தரும். சீத்தாவும் கோடையில் இலை உதிர்க்கும், ஆவணி, புரட்டாசியில் பழம். பெருநெல்லி மாசி, பங்குனியில் பூத்து, பிஞ்சை வளர்க்காமல் அப்படியே வைத்திருந்து மழைக்காலம் வந்த பிறகுதான் பருக்கவைக்கும். மூன்றும் நமக்குத் தண்ணீர் இல்லாத நேரத்தில் நம்மிடம் அதிகம் கேட்பதில்லை. மூன்றும் உவரையும் ஓரளவு தாங்கும், அதிலும் இலந்தையும் நெல்லியும் நன்றாகவே தாங்கும். சீத்தாவில் அருப்புக்கோட்டையில் வெளியிட்ட ஏ.பி.கே. 1 பக்கத்து மாவட்டத்து ரகம், மானாவாரி வறட்சிக்கென்றே தேர்ந்தெடுத்தது. இலந்தையை ஒட்டுச்செடியாக வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பும் முள் கிளையை அப்போதைக்கப்போது கிள்ளாவிட்டால் இரண்டே வருடத்தில் காட்டு இலந்தையாகிவிடும்.

சப்போட்டா பச்சை மரம், இலை உதிர்க்காது. ஆனாலும் தடித்த இலை, உப்பையும் காற்றையும் தாங்கும். பாலை மரத்து வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேரோடு இருக்கும் செடி) ஒட்டியதா என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் வேர்தான் நம் ஊருக்கானது. கொய்யாவில் திருச்சியில் களர், உவர் மண்ணுக்கென்று வெளியிட்ட டி.ஆர்.ஒய். (ஜி) 1 இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் லக்னோ 49. மாதுளை உப்பைத் தாங்கும், ஆனால் தண்ணீரைச் சீராக ஊற்றாவிட்டால் பழம் வெடிக்கும். கொடுக்காப்புளி எந்த உப்பையும் பொருட்படுத்தாது, வருடம் ஒரு தடவை இரக்கமில்லாமல் வெட்ட வேண்டும். நாவல் ஆசைப்படுகிறவர்களுக்கும் அதே பேச்சுதான். நோனியும் கடற்கரை மணலில் செழிப்பாக வளரும். அந்த வாடையைச் சகித்துக்கொண்டு யார் சாப்பிடுவது என்பது வேறு விஷயம்.

வாழையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் முதலில் வைப்பது அதைத்தான். கோடையில் ஒரு மரம் நாளுக்கு 15 லிட்டருக்குக் குறையாமல் கேட்கும், உப்புத் தண்ணீரில் இலை ஓரம் கருகிவிடும், ஆடிக் காற்றில் தார் விட்ட மரம் சாயும். குளியலறைத் தண்ணீர் நேராக விழும் இடம் ஒன்று இருந்தால் அங்கே ஒரு மொந்தன் வைக்கலாம். அதைத் தாண்டி வேண்டாம். பப்பாளி ஒன்பது பத்து மாதத்தில் பழம் தந்துவிடுவதால் பொறுமை இல்லாதவர்களுக்கு நல்லது. மேட்டில் வைக்காவிட்டால் கார்த்திகையில் இரண்டு நாள் தேங்கும் தண்ணீரே அதைக் கொன்றுவிடும். மாமரம், நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டுக்கு மட்டும்.

தரை நடவின் குறை காற்றும் ஆடும். வடகடல் பக்கம் இருக்கும் வீட்டுக்கு மார்கழி வாடை நேராக உப்பை அள்ளிக்கொண்டு வரும். உயரமான மதில் எழுப்பினால் காற்று நிற்காது, மதிலைத் தாண்டி விழுந்து உள்ளேயே சுழலும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் தடுப்புதான் நல்லது: பூவரசு வரிசை, அல்லது கம்பத்தில் இரண்டு மடிப்பாகக் கட்டிய பழைய இழுவை மடி (விசைப்படகில் இழுக்கும் மீன்வலை). மெல்லிய நைலான் வலையைக் கட்ட வேண்டாம், குருவியும் அணிலும் சிக்கிச் சாகும். ஆட்டுக்குக் களாச்செடி வேலியே போதும். முள்ளும் உண்டு, ஊறுகாய்க்குக் காயும் உண்டு, உப்பும் தாங்கும்.

ஒரே மரத்தில் பல ரகம்

இதைப் பார்த்து மயங்காதவர்கள் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் மலிஹாபாதில் கலிமுல்லா கான் ஒரே மாமரத்தில் 300-க்கு மேற்பட்ட ரகங்களை ஒட்டியிருக்கிறார். 2008-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. உண்மையான வித்தைதான். ஆனால் மாமரத்தில் மாவைத்தான் ஒட்ட முடியும், கொய்யாவை ஒட்ட முடியாது. நாம் கேட்பது பல வகைப் பழம். இது தருவது ஒரே பழத்தில் பல ரகம். தவிர, வேகமாக வளரும் ரகம் மற்றதை அமுக்கிவிடும். எந்தக் கிளையை எப்போது வெட்டுவது என்று ஆயுசுக்கும் கவனம் வேண்டும். ஒரு வைகாசியில் உப்பேறி அந்த ஒரு மரம் போனால் எல்லாம் போயிற்று.

எலுமிச்சை இனத்தில் மட்டும் இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு டிரம்மிலேயே எலுமிச்சை ஒரு கிளை, சாத்துக்குடி ஒரு கிளை வைத்தால் ஒரு செடியின் தண்ணீரில் இரண்டு பழம். அப்படி வாங்கும்போது மேலே எத்தனை ரகம் என்பதைவிட கீழே என்ன வேர் என்று கேளுங்கள். ரங்பூர் எலுமிச்சை வேர் உப்பின் குளோரைடை இலைக்கு ஏறவிடாமல் ஓரளவு தடுக்கும். நர்சரிக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொன்னால் வேறு நர்சரி பாருங்கள்.

சுவரும் பந்தலும்

டிராகன் பழத்துக்கு ஆறடிக் கல்தூண் ஒன்றும் மேலே ஒரு பழைய டயரும் போதும். கள்ளி இனம் என்பதால் தண்ணீர்ச் செலவு குறைவு. சித்திரையில் மேற்கு வெயில் நேராகப் பட்டால் தண்டு மஞ்சளாகி வெந்துபோகும், அந்த இரண்டு மாதம் பச்சை வலை கட்ட வேண்டும். அத்தியைச் சுவரோடு தட்டையாகப் படரவிடலாம், உப்பையும் தாங்கும். கிழக்குச் சுவர் என்றால் நல்லது. திராட்சைப் பந்தல் வேண்டாம். கடலோர ஈரக்காற்றில் சாம்பல் நோய்க்கு மருந்து அடித்தே அலுத்துவிடும்.

எந்த வீட்டுக்கு எது

மணல் தரை, ஆழம் குறைந்த நல்ல தண்ணீர்க் கிணறு, வைகாசியிலும் மீட்டர் 500-ஐ ஒட்டி நிற்கிறது என்றால் எல்லாமே தரையில்தான். எட்டு மரம்: சப்போட்டா, கொய்யா இரண்டு, சீத்தா, மாதுளை, நெல்லி ஒரு குழி, எலுமிச்சை, பப்பாளி. வேலியில் களா, மூலையில் டிராகன் தூண். டிரம்முக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

டவுன் பக்கம், போர் தண்ணீர் கரிக்கிறது, மீட்டர் 1,000-க்கும் 2,000-க்கும் நடுவே என்றால் பிரித்து வைக்க வேண்டும். தரையில் இலந்தை, நெல்லி, சப்போட்டா, கொய்யா, கொடுக்காப்புளி என ஐந்தாறு மரத்துக்குப் போர் தண்ணீர், முதல் இரண்டு வருடக் கோடைக்கு மட்டும் முடிந்த அளவு நல்ல தண்ணீர். தொட்டி மழைநீரில் மாடியிலோ நிழல் விழும் முற்றத்திலோ நான்கைந்து டிரம்: எலுமிச்சை, மல்பெரி, செர்ரி, அரைநெல்லி. எலுமிச்சை தரையில் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. போர் தண்ணீரை இலையில் படாமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள், தெளித்தால் இலை வழியாகவும் உப்பு ஏறும்.

மீட்டர் 2,000-ஐத் தாண்டுகிறது, பெரிய தொட்டி கட்ட இடமும் இல்லை என்றால் பத்து வகை என்ற ஆசையை ஒதுக்கிவிட்டு, மழைநீரில் மட்டும் இரண்டு டிரம், தரையில் மழைக்காலத்தில் நட்டுப் பிடித்துக்கொள்ளும் இலந்தையும் கொடுக்காப்புளியும், வேலியில் களா. வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதே டிரம் கணக்குதான், காலி செய்யும்போது வண்டியில் ஏற்றிவிடலாம்.

உரத்துக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடிவைத்தால் ஒரு மாதத்துக்குள் மீன் அமிலம் ஆகிவிடும். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து வேரில் ஊற்றலாம். கருவாட்டுக் கழிவை மட்டும் சேர்க்கக் கூடாது. கரை ஒதுங்கும் பாசியை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மூடாக்கில் கலக்கலாம்.

நடவு நேரம் பற்றி ஒன்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது விதைக்குச் சொன்னது. மரக்கன்றை ஆடியில் நட்டால் கச்சான் காற்று ஒரு வாரத்தில் இலையை உரித்துவிடும். புரட்டாசிக் கடைசியில், முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நடுங்கள். மூன்று மாத மழை வேர்ப் பகுதி உப்பைக் கீழே தள்ளிக் கன்றை ஊன்றவைத்துவிடும். தை, மாசியில் வண்டியில் பூவும் பிஞ்சுமாகச் செடி விற்க வருவார்கள். தென்காசி, தேனிப் பக்கக் குளிர்ச்சியில் வளர்ந்த செடிகள் பலதும் அதில் இருக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். வாங்கியே தீர வேண்டும் என்றால் பிஞ்சைக் கிள்ளிவிட்டு, தென்னை நிழலில் பையோடு வைத்து, அடுத்த புரட்டாசி வரை காப்பாற்ற முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்.